மன்னார்க் கோச்சியில் போனவர்களின் கதையையும் எழுதுங்கள்

மன்னார்க் கோச்சி, அதாவது மன்னார் ரயில், ஓடிய பாதையைப் பற்றி யார் எழுதினாலும் போட் மெயில் என்ற அந்த ரயில்-கப்பல் பயணத்தில் தொடங்கிப் போட் மெயிலிலேயே முடித்துவிடுகிறார்கள். சென்னை எழும்பூரில் ஒரு டிக்கெட் எடுத்தால் போதும், தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் திரும்ப ரயில் பிடித்து, கொழும்பு வந்து இறங்கலாம், என்ன அருமையான காலம் அது என்று. அருமையான காலம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் செட்டிகுளத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பதிவுகளை வாசிக்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை, ஏனென்றால் அதே ரயிலில் இந்தியாவிலிருந்து மூட்டையோடும் பிள்ளை குட்டிகளோடும் மலைநாட்டு வேலைக்கு வந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது.

மதவாச்சியில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து, செட்டிகுளம், மடு றோட், முருங்கன், மன்னார், பேசாலை என்று போய்த் தலைமன்னார் இறங்குதுறையில் முடிகிற கிளைப் பாதை இது, ஏறக்குறைய 106 கிலோமீற்றர். 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தார்கள், மார்ச்சில் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. இந்தியப் பக்கம் மீற்றர் கேஜ் என்ற ஒடுங்கிய பாதை, இலங்கைப் பக்கம் அகலப் பாதை, அதனால் ரயில் பெட்டியோடு கடலைக் கடக்கிற பேச்சுக்கே இடமில்லை. எல்லாரும் இறங்கி, கப்பல் ஏறி, திரும்ப இறங்கித்தான் ஆகவேண்டும். துரைமார் முதலாம் வகுப்பில் போனார்கள். தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி, நோய் பார்த்து, அப்புறம்தான் கப்பலில் விட்டார்கள். அவர்களுக்கு முந்திய தலைமுறைக்கு அதுவும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, இந்த வன்னிக் காட்டை நடந்தே கடந்து மாத்தளை போனார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பின்னால் வந்த தண்டவாளமும் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் போடப்பட்டது.

1964 இரண்டு அடி கொடுத்த வருடம். ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், தோட்டங்களில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளிச் சனத்தைப் பற்றியது. டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல். புயலுக்குப் பிறகு கப்பல் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடியது. ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று கணக்குப் போட்டார்கள், அந்தச் சனத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல். மலைநாட்டிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்கு வந்த ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அது எங்கள் ஊர் ஸ்டேசனைத் தாண்டித்தான் போனது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அப்பாயி இருந்தார். ஊரே அவரை அப்பாயி என்றுதான் கூப்பிடும். 1977 கலவரத்தில் அடிபட்டு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அவருடைய அக்கா குடும்பம் அதற்கு முன்னமே இந்தியா போய்விட்டது. அவரிடம் ஒரு றங்குப் பெட்டி இருந்தது. மூடியில் வெள்ளைப் பெயின்றில் தோட்டத்தின் பெயர், குடும்பத் தலைவரின் பெயர், போகவேண்டிய ஊர். அக்கா பெட்டிக்கு எழுதிய அதே கை தங்கள் பெட்டிக்கும் எழுதியதாம், தங்களுக்கும் பாஸ்போட் வந்திருந்ததாம். "பேரெல்லாம் எழுதியாச்சு தம்பி, எங்க முறைதான் வரல" என்பார். 1984இல் கப்பல் நின்றுபோனது. இந்தியப் பாஸ்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவரைப் போல இங்கேயே நின்றுவிட்டவர்கள் ஆயிரக்கணக்கில். 2003இல் வந்த சட்டத்தில்தான் மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைக்கு ஒரு வழி பிறந்தது. ஒரு கப்பலும் ஒரு ரயிலும் நின்றதால் யார் எந்த நாட்டு ஆள் என்பதே மாறிப்போன கதை இது. எங்கள் பாடப் புத்தகத்தில் இதை நான் படித்ததில்லை.

1990இல் போரால் ரயிலும் நின்றது. அதே வருடம் ஒக்டோபரில் மன்னார்த் தீவு முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து இந்த ரயிலில் ஏறிப் போய் வியாபாரம் செய்தவர்களும் இந்தப் பாதையின் சனம்தான், அவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வந்து மடு றோட்டில் இறங்கிய சிங்களக் கத்தோலிக்கரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஸ்டேசன் இருந்தும் இல்லாத நிலை. சிலிப்பர் கட்டைகளும் தண்டவாளங்களும் பங்கருக்குப் போயின. இராணுவம், புலிகள் என்று இரண்டு தரப்பும் எடுத்தார்கள், சனமும் எடுத்தது, செல் விழும்போது தலைக்கு மேல் எதையாவது போடத்தானே வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி என்று வேப்ப மரத்தில் தொங்கியது ஒரு முழத் தண்டவாளம். அதன் பக்கவாட்டில் செய்யும்போதே பதிந்து வந்த ஆங்கில எழுத்துகள், துருவில் பாதி அழிந்து, விரலால் தடவினால்தான் தெரியும். இரும்புக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டினால் குளக்கட்டு வரைக்கும் கேட்கும். அது எங்கிருந்து வந்தது என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2009இல் போர் முடிந்தபோது மெனிக் பாம் முகாம்களில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான இடம்பெயர்ந்த சனத்தை முட்கம்பிக்குள் அடைத்து வைத்திருந்ததும் இந்தச் செட்டிகுளத்தில்தான், தண்டவாளம் இல்லாத இந்தப் பாதைக்குப் பக்கத்தில்.

சரி, பாதை திரும்ப வந்தது. இந்தியக் கடனில், இந்திய நிறுவனமான இர்கொன் போட்டது. 2013 மே மாதம் மடு வரை, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை. இந்தியப் பிரதமர் மோடி நேரில் வந்து திறந்து வைத்தார். ரயில் வந்ததில் எனக்கு உண்மையான சந்தோசம், ஆஸ்பத்திரிக்கும் கம்பசுக்கும் போகிற பிள்ளைகளுக்கும் அது எவ்வளவு பெரிய உதவி என்று எங்களுக்குத் தெரியும். என் கோபம் வேறு. புதுக் கட்டடம், புதுப் பெயர்ப்பலகை, மூன்று மொழியிலும் ஊர்ப் பெயர், எல்லாம் இருக்கிறது, ஆனால் இந்த வழியாக யார் வந்தார்கள், யாரை அனுப்பினார்கள் என்று சொல்ல ஒரு பலகை நான் இறங்கி ஏறிய எந்த ஸ்டேசனிலும் கண்ணில் படவில்லை. கடுகண்ணாவையில் 2014இல் ரயில் அருங்காட்சியகம் திறந்தார்கள், நல்ல விசயம், பழைய எஞ்சின்களைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். எஞ்சினுக்குக் கிடைத்த மரியாதை அதில் ஏற்றப்பட்ட ஆட்களுக்கும் கிடைக்கவேண்டும் என்பதுதான் என் வாதம். தலைமன்னாரில் துருப்பிடித்து நிற்கிற பழைய இறங்குதுறையை ஆட்கள் வந்து படம் பிடித்துப் போகிறார்கள். அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் வைக்க அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

அரசாங்கம் செய்யும் என்று காத்திருந்தால் இந்தக் கதை தெரிந்த கடைசி ஆளும் போய்விடும். அப்பாயி போய்விட்டார், பெட்டி இடப்பெயர்வில் எங்கோ தொலைந்துவிட்டது. செட்டிகுளம், மடு, முருங்கன் பக்கம் இருக்கிறவர்கள், வவுனியாவில் மலையகக் குடும்பங்கள் இருக்கிற ஊர்க்காரர்கள், உங்கள் வீட்டில் எழுபது எண்பது தாண்டியவர்கள் இருந்தால் இந்த விடுமுறையில் போனை முன்னால் வைத்துப் பேசவிடுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஸ்டேசனில் ஏறினார்கள், யாரை வழியனுப்பினார்கள், போனவர்களிடமிருந்து கடிதம் வந்ததா என்று கேளுங்கள். பழைய கேற்காரர்கள், போட்டர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். பழைய பாஸ்போட், ரயில் டிக்கெட், கடிதம் என்று எது அகப்பட்டாலும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பதிவு செய்தவர்கள் கீழே சொல்லுங்கள், ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிற வேலையை நான் செய்கிறேன்.