கதை எழுதுவதும் ஆராய்ச்சிதான் என்றால், அதை இரண்டு பேராகச் செய்து பாருங்கள்

"உங்கள் நாவல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஆராய்ச்சி எங்கே?"

பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து கற்பிக்கிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நிதிக்கு விண்ணப்பித்தால் கேட்பார்கள். பதவி உயர்வுக்குப் போனால் கேட்பார்கள். பக்கத்துத் துறைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்பார், அதுதான் கூடுதலாக வலிக்கும். நம் ஆட்கள் சொல்லும் பதில் இரண்டு வகை. ஒன்று, "படைப்பே ஆராய்ச்சிதான், உங்களுக்குப் புரியாது" என்று முறைப்பது. இன்னொன்று, இரண்டு தத்துவவாதிகளின் பெயரைச் சொல்லி எதிராளியின் வாயை அடைப்பது. இரண்டுமே எனக்குச் சலித்துவிட்டது. சேர்ந்து எழுதும்போதுதான் படைப்பில் நடக்கிற ஆராய்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது என்பது என் கட்சி. அதைத்தான் நம் துறை ஊக்குவிக்காமல் விட்டிருக்கிறது.

கொஞ்சம் பழைய கதை. கவிதையோ கதையோ எழுதிக் கொடுத்து உயர்பட்டம் வாங்கலாம் என்று அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1922-இல் ஒப்புக்கொண்டது. அங்கே புகழ்பெற்ற எழுத்தாளர் பட்டறை 1936-இல் தொடங்கியது. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970-இல் முதுகலைப் படிப்பை ஆரம்பித்தது. அப்புறம் முனைவர் பட்டமும் வந்தது: ஒரு நாவல், கூடவே அந்த நாவலைப் பற்றி ஒரு விளக்கக் கட்டுரை. ஆக, பட்டம் முதலில் வந்துவிட்டது. இந்தப் பட்டத்தால் உலகத்துக்கு என்ன புதிய அறிவு கிடைக்கிறது என்ற கேள்வி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பிடுகிறார்கள். புதிய புரிதலுக்குக் கொண்டுபோகிற, மற்றவர்களோடு திறம்படப் பகிரப்படுகிற தேடல்தான் ஆராய்ச்சி என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கணம். படைப்பு ஒன்றை மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது அதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது என்று 300 சொற்களுக்குள் ஒரு குறிப்பும் சேர்க்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது என்ன? நாவல் அச்சாகி நாலு வருடம் கழித்து, மதிப்பீடு நெருங்கும்போது, எழுத்தாளர் உட்கார்ந்து "இந்த நாவல் நினைவுக்கும் நிலப்பரப்புக்கும் இடையிலான உறவை விசாரிக்கிறது" என்று எழுதுகிறார். விடையை எழுதி முடித்துவிட்டு வினாவைத் தேடிப் போகும் வேலை. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாவல் எழுதிய நாட்களில் அவர் தலைக்குள் ஓடியது இதுவல்ல என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தனியாக எழுதுவதில் இதுதான் சிக்கல். முடிவுகள் எல்லாம் தலைக்குள்ளேயே நடந்து முடிகின்றன. மூன்றாவது அத்தியாயத்தை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டால், "சரியாக வரலை" என்பார். அந்த "சரியாக வரலை"க்குள் முப்பது வருட வாசிப்பு இருக்கிறது, காது இருக்கிறது, வடிவம் பற்றிய ஒரு முழுக் கொள்கையே இருக்கிறது. நாம் தேடுகிற அறிவு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது அவரைத் தாண்டி வெளியே வருவதில்லை. மறுநாள் காலையில் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

இரண்டு பேர் சேர்ந்து எழுதும்போது "சரியாக வரலை" செல்லாது. "எது சரியாக வரலை? எங்கே?" என்று மற்றவர் கேட்பார். அப்போது வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

கவிஞர் டி. எஸ். எலியட்டின் 'பாழ்நிலம்' என்ற நெடுங்கவிதை 1922-இல் வந்தது. வந்த காலத்தில் அது ஒரு தனிமேதையின் வேலையாகத்தான் தெரிந்திருக்கும். வரைவுகள் 1971-இல் நூலாக வெளியானபோதுதான் அவருடைய நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் அதில் எவ்வளவு வெட்டியிருக்கிறார் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். நான்காம் பகுதியில் நீளமான கடற்பயணம் ஒன்று இருந்திருக்கிறது. மிஞ்சியது பத்தே வரிகள். ஓரங்களில் எலியட்டின் மனைவி விவியனின் குறிப்புகளும் இருக்கின்றன. அந்தக் கவிதை எப்படி உருவானது என்று இன்று நாம் பேச முடிவதற்குக் காரணம், அதில் இன்னொருவர் கை பட்டதும், அந்தக் கை காகிதத்தில் தடம் விட்டுப்போனதும்தான். தன்னந்தனியாக எழுதி, கிழித்து, திருத்திய எத்தனையோ கவிதைகளுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

"பட்டறையில் எல்லோரும் சேர்ந்துதானே படிக்கிறோம், அது கூட்டு வேலை இல்லையா?" என்று கேட்பீர்கள். இல்லை என்றுதான் நினைக்கிறேன். வழக்கமான பட்டறையில் எழுதியவர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், மற்றவர்கள் பேசுவார்கள். பேசியது காற்றோடு போய்விடும். எழுதியவர் வீட்டுக்குப் போய் பாதியை ஏற்று, மீதியைத் திட்டிவிட்டு, தன் பெயரை மட்டும் போட்டு அனுப்புவார். இதைச் சரிசெய்ய நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கிய முறையில், படைத்தவரே முதலில் கேள்வி கேட்பார். அபிப்பிராயம் சொல்ல நினைப்பவர், "இதைப் பற்றி எனக்கொரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?" என்று அனுமதி கேட்க வேண்டும். நம் வகுப்புகளுக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனாலும் கருத்துச் சொல்பவர் கருத்தோடு நின்றுவிடுகிறார். கதை தோற்றால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டத்தில் பங்கு இல்லாதவரை எப்படிக் கூட்டாளி என்பது?

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் வந்ததற்கு ஒரு குறுநாவல் காரணம். கவிதை எழுதுகிற சக பேராசிரியர் ஒருவரும் நானும் சேர்ந்து எழுதினோம். அப்பா இறந்த பிறகு அவருடைய அறையை ஒழிக்க வருகிற அக்காவும் தங்கையும் பற்றிய கதை. அக்கா பேசும் அத்தியாயங்கள் எனக்கு, தங்கை பேசுபவை அவருக்கு. ஒரே ஒரு நிபந்தனை: ஒருவர் எழுதி வைத்த தகவலை மற்றவர் மாற்றக் கூடாது. இரண்டாவது அத்தியாயத்திலேயே அவர் அலமாரிச் சாவியைத் தொலைத்துவிட்டார். போகிற போக்கில் ஒரே வாக்கியம். தங்கை சின்ன வயதில் அதைக் கிணற்றில் போட்டுவிட்டாளாம்.

என் திட்டமே அந்த அலமாரியை நம்பித்தான் இருந்தது. அதைத் திறந்து, உள்ளே ஒரு கடிதத்தை எடுத்து, அப்பாவின் இன்னொரு முகத்தை அக்காவுக்குக் காட்ட நினைத்திருந்தேன். அவருக்கு எழுதினேன்: "பூட்டை உடைக்கலாமா?" ஓரக்குறிப்பில் பதில் வந்தது: "உடைக்கலாம். ஆனால் உங்கள் அக்கா உடைக்கிற ஆள் இல்லையே." உண்மைதான். பொறுமைசாலியாக அவளை வளர்த்திருந்தது நானே. அப்புறம் அந்த ஓரக்குறிப்பு நீண்டுகொண்டே போனது. இறந்தவரைப் பற்றித் தெரிந்துகொள்ளக் காகிதம் எதற்கு? கதைகளில் ரகசியங்கள் ஏன் இவ்வளவு வசதியாக, தேதி போட்டு, கையெழுத்தோடு கிடைக்கின்றன? என் முந்தைய கதைகளைப் புரட்டிப் பார்த்தால் கடிதம், நாட்குறிப்பு, பழைய பத்திரம் என்று வரிசையாகக் கிடக்கின்றன. யாரும் கவனித்ததில்லை, என்னையும் சேர்த்து. கடைசிவரை அந்த அலமாரி திறக்கவில்லை. அப்பாவின் கதையை அக்கா அவருடைய செருப்புத் தேய்மானத்திலிருந்து ஊகித்தாள், தங்கை அந்த ஊகத்தை நம்ப மறுத்தாள். கதை அங்கேதான் உயிர் பெற்றது.

பின்னால் நாங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்கு மூலப்பொருள் கதை இல்லை, அந்த ஓரக்குறிப்புகள்தான். குடும்பக் கதைகளில் ஆவணம் என்ன வேலை செய்கிறது, அதை எடுத்துவிட்டால் கதைசொல்லி எதை நம்ப வேண்டியிருக்கிறது என்பது கேள்வி. எழுத ஆரம்பித்தபோது இந்தக் கேள்வி எங்கள் இருவர் மனத்திலும் இல்லை. ஆனால் பிற்பாடு ஒட்டவைத்ததும் இல்லை. எந்த நாளில், எந்த வரியில் அது முளைத்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். 300 சொல் குறிப்பு கேட்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஜப்பானியத் தொடர்கவிதையான ரெங்காவில் இதை அழகான விதியாகவே வைத்திருக்கிறார்கள். உங்கள் பாடல் அதற்கு முந்தைய பாடலோடு இணைய வேண்டும், அதற்கும் முந்தையதிலிருந்து விலக வேண்டும். யாராலும் தன் விருப்பத்துக்குக் கதையை இழுத்துக்கொண்டு போக முடியாது. ஒக்டாவியோ பாஸ் உட்பட நான்கு கவிஞர்கள் 1969-இல் பாரிசில் ஒரு ஓட்டலின் நிலவறையில் உட்கார்ந்து, நான்கு மொழிகளில் இப்படி ஒன்றை எழுதினார்கள். கூட்டாக எழுதுவதை இன்றைய பல்கலைக்கழக மோஸ்தர் என்று நினைப்பவர்கள் ரெங்காவின் பக்கம் போய் வரலாம்.

இனி கசப்பான விஷயம், பெயர். இந்தக் கதையில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று பதவி உயர்வுப் படிவம் கேட்கிறது. ஐம்பது என்று எழுதினால் அரைக் கதை எழுதியவர் ஆகிவிடுகிறீர்கள். சாவியைக் கிணற்றில் போட்ட அந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனை சதவீதம் போடுவது? அறிவியல்காரர்கள் யார் என்ன செய்தார் என்று சொல்ல கிரெடிட் என்றொரு வகைப்பாடு வைத்திருக்கிறார்கள். மொத்தம் 14 பங்களிப்புகள். அதில் எழுத்துக்கு இரண்டே இரண்டு: முதல் வரைவு எழுதியவர், திருத்தியவர். அவர்களுக்கு அது போதும், ஏனென்றால் ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தில் முடிந்த பிறகு அதைப் பதிவதற்குத்தான் எழுதுகிறார்கள். நமக்கு எழுத்துதான் ஆய்வுக்கூடம். அந்த இரண்டு பெட்டிகளுக்குள்தான் நம் மொத்த வேலையும் நடக்கிறது. அவர்களுடைய படிவத்தை அப்படியே கொண்டுவந்து நம் தலையில் கட்டினால் ஒன்றும் விளங்காது.

நெறியாளரும் ஆய்வு மாணவரும் சேர்ந்து எழுதுவது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. "வேண்டாம்" என்று சொல்ல முடியாதவரோடு செய்கிற கூட்டு, கூட்டே இல்லை. பட்டம் வாங்கட்டும், பிறகு எழுதுங்கள்.

மற்ற துறைகளோடு சேர்வது இப்போது பெருகிவருகிறது. மருத்துவம், சூழலியல், முதியோர் நலம் என்று எல்லோரும் எழுத்தாளரைக் கூப்பிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பல திட்டங்களில் எழுத்தாளர் வேலை, முடிவுகள் வந்த பிறகு அவற்றுக்குப் பூச்சூட்டுவது. கேள்வியை வகுக்கும் மேசையில் நமக்கு நாற்காலி கிடையாது. எழுதுவதால் உடலுக்கும் மனதுக்கும் நன்மை உண்டா என்பதைப் பற்றிய மிகப் பிரபலமான சோதனையை 1986-இல் வெளியிட்ட பென்னிபேக்கரும் பீலும் உளவியல்காரர்கள். மாணவர்களை நான்கு நாட்கள், தினம் 15 நிமிடம், தங்கள் துயர அனுபவங்களைப் பற்றி எழுத வைத்துப் பார்த்தார்கள். அந்த வகை ஆய்வுகள் பெருகி, பிற்பாடு எழுதியதில் வரும் 'நான்', 'அவர்' போன்ற பிரதிப்பெயர்களைக் கணினியால் எண்ணுகிற அளவுக்குப் போயின. மதிக்கத்தக்க வேலை. ஆனால் ஒரு கதைக்காரர் ஆரம்பத்திலேயே கூட இருந்திருந்தால் வேறு எதையாவது கேட்டிருப்பார்: எந்த இடத்தில் தொடங்கினார்கள்? எதைச் சொல்ல வந்து சுற்றிப் போனார்கள்? இரண்டாம் நாள் அதே சம்பவத்தை வேறு ஆளின் கண்ணால் எழுதியவர் உண்டா?

கூட்டாக எழுதினால் நடை மழுங்கிவிடும், குழு எழுதிய சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆகும், எல்லா வரியிலும் சமரசம் செய்தால். நாங்கள் ஒரு வரியில்கூட சமரசம் செய்யவில்லை. ஆளுக்கொரு குரல், ஆளுக்கொரு எல்லை. ஒருவர் வரியை மற்றவர் தொடவே இல்லை, அதன் விளைவை மட்டும் சுமந்தோம். எல்லோரும் இப்படித்தான் எழுத வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சிலருக்கு அறைக் கதவைச் சாத்தினால்தான் வாக்கியம் வரும். அவர்கள் சாத்திக்கொள்ளட்டும். ஆனால் பல்கலைக்கழகத்திடம் "இது ஆராய்ச்சி" என்று சொல்லிச் சம்பளமும் விடுப்பும் நிதியும் வாங்குகிறோமே, அந்தத் துறையில் கூட்டுப் படைப்பு ஒரு விசித்திர விதிவிலக்காக மட்டும் இருப்பது சரியில்லை.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது சின்ன விஷயங்கள்தான். ஓரக்குறிப்புகளை 'தீர்ந்தது' என்று அழிக்காதீர்கள், வரைவுகளைத் தேதியோடு வையுங்கள். தொலைபேசியில் சண்டை போட்டால், முடிந்ததும் இரண்டு வரி எழுதி வையுங்கள். பெயர் வரிசையை முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள், கதை நன்றாக வந்த பிறகு பேசினால் முகம் சிவக்கும். முக்கியமாக, பிரிந்தால் பாத்திரங்கள் யாருக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் அரைப்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்: அக்கா எனக்கு, தங்கை அவருக்கு, அப்பா பொது. இப்போது அவர் தங்கையை வைத்துத் தனியாக ஒரு நாவல் எழுதுகிறார். அதில் ஒரே ஒரு அத்தியாயத்துக்கு அக்கா வந்துபோக வேண்டுமாம். எழுத்துபூர்வமாக அனுமதி கேட்டிருக்கிறார். பதிலுக்கு நான் ஒரு நிபந்தனை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.