மேஸ்திரிக்கு விட்டால் பொறுப்பு போய்விடுமா?

"மண் வேலையை மேஸ்திரிக்கு சப்-கான்ட்ராக்ட் விட்டாச்சு, ஆளுக்கு அடிபட்டால் மெயின் கான்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லை" என்று குன்னூர், கோத்தகிரி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

கட்டுமானத்தையே தொழிலாகச் செய்பவர் வேலையைப் பிரித்துக் கொடுத்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு அவரைவிட்டுப் போகாது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே அதைச் சொன்னது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. கொடுத்த பணத்தை அப்புறம் மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளலாம், அது அவர்கள் கணக்கு.

2024 பிப்ரவரியில் ஊட்டி பக்கம் லவ்டேலில் தடுப்புச் சுவர் வேலையின்போது 6 பெண்கள் இறந்தது நினைவிருக்கும். மலைச்சரிவை முட்டுக் கொடுக்காமல் செங்குத்தாக வெட்டுவது, வெட்டிய மண்ணைக் குழி ஓரத்திலேயே குவிப்பது, மழை விட்டதும் பார்க்காமல் ஆளை இறக்குவது எல்லாம் இங்கே அன்றாடம் நடக்கிறது. ஹெல்மெட் இதற்கு உதவாது. தளம் முழுவதையும் கையில் வைத்திருக்கும் மெயின் கான்ட்ராக்டர்தான் நிறுத்த வேண்டும்.