பழைய பெட்டியிலிருந்தே தொடங்குங்கள்

14 வருடம் கழித்து மினியேச்சர் போர் விளையாட்டுக்குத் திரும்பியிருக்கிறேன்; சின்னப் பொம்மை வீரர்களுக்கு நாமே பெயிண்ட் பூசி, மேசையில் பகடை உருட்டி மோதவிடும் விளையாட்டு. இதில் எனக்கு உறுதியாகத் தோன்றும் ஒன்று: விட்டுப்போய்த் திரும்பி வருகிறவர்கள் முதலில் புதிய படை வாங்கக் கூடாது. பரணில் கிடக்கும் பெட்டியைத்தான் இறக்க வேண்டும்.

நான் விளையாடியது வார்ஹாமர் 40,000 என்ற ஆட்டம். நான் விட்டபோது அதன் விதிப் புத்தகம் ஐந்தாம் பதிப்பில் இருந்தது. 2023இல் பத்தாம் பதிப்பு வந்துவிட்டது. நடுவில், 2017இல் வந்த எட்டாம் பதிப்பிலேயே விதிகளை அடியோடு மாற்றிவிட்டார்கள். குண்டு எங்கே விழுகிறது என்று வைத்துப் பார்ப்போமே, அந்த வட்டத் தகடு இப்போது இல்லை. டாங்கிக்கு முன்பக்கம் பலமாக, பின்பக்கம் பலவீனமாக என்று தனித்தனிக் கவசம் கிடையாது. இதையெல்லாம் படித்ததும் நம் பழைய பொம்மைகள் இனி உதவாது என்று நினைத்து, புதுப் பெட்டிகளை வாங்கக் கை துறுதுறுக்கும். அந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். வாங்கிக் குவித்து, பெயிண்ட் படாத சாம்பல் நிற பிளாஸ்டிக் மலையைப் பார்த்து மலைத்துப்போய் இரண்டாம் முறையும் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

என் பழைய வீரர்கள் மேல் பெயிண்டை அப்பியிருந்தேன். தண்ணீர் கலக்காமல் டப்பாவிலிருந்து நேராக எடுத்துப் பூசியதில் முகத்தில் கண், மூக்கு எதுவும் தெரியவில்லை. பத்துப் பேரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, சில மணி நேரம் கழித்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டிய வேலை. அசிட்டோன் பக்கம் போகவே கூடாது, பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். பெயிண்ட் உரிய உரிய, கவசத்தில் இருந்த ஆணிகளும் கழுத்துப் பட்டையின் தையலும் தெரிந்தன. இத்தனை வருடமாக என்னிடமே இருந்தவை, நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் பெயிண்ட் நன்றாக ஒட்டுவதற்கான அடிப்பூச்சு, அதாவது ப்ரைமர் அடித்து, பெயிண்டில் தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு முறை பூசினேன். வாஷ் என்கிற நீர்த்த, அடர்நிறப் பூச்சு பள்ளங்களில் இறங்கி நிழல் விழுந்தபோது வந்த சந்தோஷம் பெரியது. நிறத்தையும் நிழலையும் சேர்த்தே தரும், 2019இல் வந்த கான்ட்ராஸ்ட் பெயிண்டும் வாங்கிப் பார்த்தேன். துணி மடிப்புக்கும் ரோமத்துக்கும் அருமை, ஒரே பூச்சில் வேலை முடிகிறது. தட்டையான கவசத்தில் மட்டும் திட்டுத்திட்டாக நிற்கிறது. அங்கே பழைய முறைதான் சரி.

விளையாட்டையும் சிறியதாகவே தொடங்கலாம். வீரர்களின் புள்ளி மதிப்பைக் கூட்டினால் 2000 வருகிற பெரிய படை கட்டாயம் இல்லை. காம்பாட் பேட்ரோல் என்கிற சிறிய ஆட்ட முறையில் ஒரு சின்னப் படை, 44க்கு 30 அங்குல இடம், கொஞ்சம் பகடைகள் போதும். சாப்பாட்டு மேசையே தாங்கும்.

போன வாரம் பழைய நண்பனோடு முதல் ஆட்டம், சிறியதுதான். புது விதிகள் வேகமாகப் போகின்றன, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனுடைய டாங்கியைப் பார்த்ததும் என் ஆட்களைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்துக்கு நகர்த்தினேன். அவனும் உடனே டாங்கியைத் திருப்பினான். அந்த விதியே இப்போது இல்லை என்பது இரண்டு பேருக்கும் அப்புறம்தான் உறைத்தது. புதிய பதிப்பு வந்ததால் பழைய புத்தகம் செல்லாக்காசு ஆகிவிடாது, எதிரில் உட்காருகிறவர் சம்மதித்தால் போதும். அடுத்த ஆட்டம் ஐந்தாம் பதிப்பில். வட்டத் தகட்டை அவன் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறானாம்.