உயரம் விற்கிறார்கள், ஹோஸ் விற்பதில்லை

பழைய ஜீப்பை உயர்த்திக் கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. உயர்த்திய ஜீப்பை நிறுத்த வேண்டுமே என்று கவலைப்படத்தான் ஒருவரும் இல்லை.

என்னிடம் இருப்பது 1974 மாடல் மஹிந்திரா சி.ஜே. 3பி. சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலுக்குக் கீழே இருந்த ஸ்பிரிங் பட்டையை மேலே ஏற்றிக் கட்டியதில் வண்டி 5 அங்குலம் எழும்பிவிட்டது. நீளமான ஷாக் அப்சார்பரும் பெரிய டயரும் போட்டாயிற்று. (இந்த உயரத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்ன சொல்வார்கள் என்பது தனி வழக்கு. வண்டியை மாற்றியமைப்பது பற்றிய, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை இப்போது இழுக்க வேண்டாம்.) இத்தனை வேலைக்கும் எண்ணி எண்ணிப் பணம் வாங்கியவர்களில் ஒருவர் வாயிலிருந்தாவது பிரேக் ஹோஸ் என்ற சொல் வர வேண்டுமே! பிரேக் ஆயிலோடு சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) வந்து முடிகிற ஸ்டீல் பைப்புக்கும், பட்டையோடு ஏறி இறங்குகிற ஆக்ஸிலுக்கும் நடுவில் தொங்கும் ரப்பர் குழாய் அது. சேசிஸ் மேலே போனால் குழாய் எட்டாது என்று சொல்ல இஞ்சினியரிங் படித்திருக்க வேண்டுமா என்ன?

சமதரையில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. சேசிஸை ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கீழே படுத்துப் பாருங்கள். ஹோஸ் விறைத்து, தட்டினால் தம்புரா நரம்பாக அதிர்கிறது. ரப்பர் போய் இரும்பு வளையத்துக்குள் புகுகிற இடத்தில் நகக்கண் அளவுக்கு வெடிப்பு. விரலால் வளைத்தால் வாய் திறக்கிறது. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலின் பாரத்தை அந்த வெடிப்புத்தான் தாங்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் ஆயில் போகிற இரட்டை சர்க்யூட் வண்டியும் அல்ல இது. ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் பிய்ந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹேண்ட் பிரேக்கை நம்பி இறங்கச் சொல்கிறார்களா?

சரி, நீளமான ஹோஸ் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் முதல் கேள்வி, "எந்த மாடல் அண்ணே?" மாடல் முக்கியமில்லை, இத்தனை அங்குலம் நீளம் வேண்டும், இரு முனையிலும் இந்தத் திருகு மரை வேண்டும் என்றால் முகம் மாறிவிடுகிறது. "ஜீப்புக்கு ஒரே ஹோஸ்தான் அண்ணே, காலங்காலமாக இதைத்தான் போடுகிறார்கள்." அதே குட்டை ஹோஸ் மேஜைமேல் விழுகிறது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். வண்டியின் படம் இருக்கிறது, சாமி படம்கூட இருக்கிறது, நீளம் மட்டும் இல்லை. மரை அளவும் இல்லை.

மரைதான் உயிரை எடுக்கிற இடம். என் ஸ்டீல் பைப்பின் நட்டு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. இன்றைய வண்டிகளின் ஹோஸ்களில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் மரை. இரண்டுக்கும் விட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அதனால் நட்டு சமர்த்தாக உள்ளே ஏறும், இறுகியது போலவும் காட்டும். பயந்துபோய் முழு பலத்தோடு மிதிக்கிற அன்றைக்கு மரை உரிந்து கையில் வரும். "ஏறுகிறதே அண்ணே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார் கடைக்காரர். ஏறுவதுதானய்யா பிரச்சினை!

அடுத்து, யோசனை சொல்கிறவர்கள். இரண்டு ஹோஸை யூனியன் போட்டு இணைத்துவிடலாம் என்கிறார் ஒருவர். நடுவில் அந்த இரும்பு முடிச்சு பிடிமானமே இல்லாமல் ஆடி ஆடி எங்கே உரசும் என்று அவருக்குக் கவலை இல்லை. இன்னொருவர், பொக்லைனுக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைக்கு அனுப்பினார். கேட்ட நீளத்தில் அரை மணி நேரத்தில் தருவார்களாம். தருவார்கள், ஆனால் அது மினரல் ஆயிலுக்கான ரப்பர். கிளைக்கால் (glycol) வகை பிரேக் ஆயில் பட்டால் அந்த ரப்பர் உப்பி உள்ளே கரணை கட்டும். பிரேக் ஹோஸின் ரப்பரே வேறு ஜாதி. இதை எடுத்துச் சொன்னால், "பொக்லைன் பிரஷருக்கே தாங்குகிறது, உங்கள் ஜீப்புக்குத் தாங்காதா?" என்று சிரிக்கிறார்கள். பிரஷரைப் பற்றி யார் பேசினார்கள்?

சேசிஸில் ஹோஸைப் பிடிக்கும் பிராக்கெட்டைக் கீழே இறக்கி வைக்கலாம் என்று ஒரு பழைய மெக்கானிக் சொன்னார். அவர் ஒருவர் சொன்னதில்தான் நியாயம் இருந்தது. ஆனால் அதுவும் ஓரிரண்டு அங்குலத்துக்குத்தான் கைகொடுக்கும்.

அமெரிக்காவில் இதே ஜீப்புக்கு, உயர்த்திய அளவைச் சொன்னால் அதற்கேற்ற நீளத்தில், ஸ்டீல் வலை போர்த்திய ஹோஸே கிடைக்கிறது. ஹோஸின் விலையோடு அனுப்பும் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் ஒரு டயர் வாங்கிவிடலாம். ஜீப் அவர்களுடையதாகவே இருக்கட்டும்; எழுபது வருஷத்துக்கு மேலாக ஜீப்பை இங்கே பூட்டி ஓட்டுகிற நாட்டில் நாலு அங்குலம் கூடுதல் ரப்பர் கிடைக்காதா? லாரிக்கும் பஸ்ஸுக்கும் விதவிதமான நீளத்தில் ஹோஸ் செய்கிறவர்கள்தானே நாமும்!

உயர்த்தும் கிட் விற்கும் புண்ணியவான்களுக்கு ஒன்று. பெட்டியில் ஷேக்கிள் வைக்கிறீர்கள், யூ போல்ட் வைக்கிறீர்கள், கண்ணாடியில் ஒட்ட ஸ்டிக்கர்கூட வைக்கிறீர்கள். சரியான மரையும் நீளமும் உள்ள ஹோஸ்களை அதற்குள் வைக்கிற வரைக்கும் அந்தப் பெட்டியின்மேல் "முழு செட்" என்று அச்சடிக்காதீர்கள்.