பத்தொன்பது நாள் பாடம் நடத்தியிருக்கிறாள்

மூன்று நாளாக இங்கே நடக்கும் சண்டையைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தனியார் பள்ளியில் கணிதம் நடத்திய ஒரு தங்கை போட்ட பதிவில்தான் அது தொடங்கியது. பொதுத்தேர்வுக்கு முன்பே வேறு பள்ளிக்குப் போகப் பணிவிலகல் கடிதம் கொடுத்தாள், ஜனவரிச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். பள்ளி நிர்வாகத்தின் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. தனியார் பள்ளிகளில் ஒன்பது ஆண்டு குப்பை கொட்டியவள் நான், அவர்கள் எப்படி என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தது அவள் பதிவின் கீழே ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்து. "பொதுத்தேர்வு நேரத்தில் விட்டுவிட்டுப் போனவளுக்கு எதற்குச் சம்பளம்?" கேட்டவரும் ஓர் ஆசிரியர்.

எதற்கா? பொங்கல் விடுமுறை போக அந்த மாதம் பத்தொன்பது நாள் அவள் பள்ளிக்குப் போயிருக்கிறாள். நாளொன்றுக்கு ஆறு பாடவேளை. காலையில் சிறப்பு வகுப்பு. திருப்புதல் தேர்வு விடைத்தாள்களைக் கட்டு கட்டாக வீட்டுக்குத் தூக்கிப்போய், சமையலை முடித்துவிட்டு இரவில் திருத்தியிருக்கிறாள். அவள் கேட்பது அந்தப் பத்தொன்பது நாளுக்கான பணம். பிப்ரவரிக்குக் கேட்கவில்லை, மார்ச்சுக்குக் கேட்கவில்லை. அவள் நடத்திய முக்கோணவியல் பிள்ளைகளின் தலைக்குள் போய்விட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளால் முடியுமா? அப்படியிருக்க, அதற்கான கூலியை மட்டும் எப்படிப் பிடித்துவைக்கிறீர்கள்?

என் கதையையும் சொல்கிறேன். 2014 பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மாவால் அவரைத் தனியாகப் புரட்டிப் படுக்கவைக்க முடியாது, தம்பி வெளியூரில். மார்ச் கடைசி வரை பொறுத்து, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு, எழுத்துத் தேர்வு எல்லாம் முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் கடிதம் கொடுத்தேன். மார்ச் சம்பளம் 11,500 ரூபாய். "கணக்கு முடித்துத் தருகிறோம், போய் வாருங்கள் மிஸ்" என்றார் தாளாளர். முடித்துத் தருவதற்கு என்ன கணக்கு இருந்தது? வந்தேன், நடத்தினேன், கையெழுத்துப் போட்டேன். வருகைப் பதிவேடு அவர்கள் மேசையில்தான் இருந்தது.

பாக்கியில்லை என்று எல்லாப் பிரிவிலும் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். நூலகம், ஆய்வகம், வேன் கட்டணம், கடைசியில் மாணவர் சேர்க்கைப் பிரிவு. சேர்க்கைப் பிரிவில் எனக்கென்ன பாக்கி என்று கேட்டேன். மே மாதம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடித்து வர வேண்டிய எண்ணிக்கையில் நான் ஒன்றுகூட முடிக்கவில்லையாம். அப்போது ஏப்ரல் மாதம்! ஆய்வகத்தில் பியூரெட் ஒன்று உடைந்ததற்கு 340 ரூபாய் எழுதியிருந்தார்கள். உடைத்தவன் ஒரு மாணவன், அவனிடமும் வசூலித்திருந்தார்கள். அந்த 340 ரூபாயையும் கட்டினேன், கட்டினால் சம்பளம் வந்துவிடும் என்று நம்பி.

பதினோரு முறை போனேன். தாளாளர் அறைக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சு இருக்கும், கட்டணம் கட்டாத பிள்ளைகளை உட்கார வைக்கும் பெஞ்சு. அதில் என்னையும் உட்கார வைத்தார்கள். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தவர்கள், "மிஸ், இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அழுதது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அப்பாவுக்கு இயன்முறைச் சிகிச்சைக்கு வருபவருக்கு இரண்டு வாரப் பணம் பாக்கி. என் பணம் பள்ளியின் இரும்புப் பீரோவில் இருந்தது, அவர்கள் வாங்கி வைத்திருந்த என் பி.எட். சான்றிதழும் அதே பீரோவில்தான் இருந்தது.

இப்போது சட்டம். 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தில், நிர்வாகம் ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால் இரண்டாவது வேலை நாளுக்குள் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. தானாக விலகியவரைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சில்லை. அந்த இடைவெளியில்தான் இத்தனை ஆண்டு எங்களைப் போன்றவர்களை அலையவிட்டார்கள். 2019-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 17-ஆவது பிரிவு, பணிவிலகியவருக்கும் இரண்டு வேலை நாள்களுக்குள் ஊதியம் கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. தராவிட்டால் மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். பாக்கித் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு இடமுண்டு. கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியதும் நிர்வாகமே. அந்தத் தொகுப்பில் தொழிலாளர்களுக்குப் பாதகமானவை இருக்கின்றன என்று தொழிற்சங்கங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒரு வரிக்காக நான் நன்றியோடு இருக்கிறேன். அந்த வரி எனக்குப் பதினோரு ஆண்டு பிந்தி வந்தது.

"மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்று நியமன ஆணையில் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே" என்பவர்களுக்கு: போட்டிருக்கிறாள். அதை மீறியதால் பள்ளிக்கு நஷ்டம் என்றால் கணக்குக் காட்டிக் கேளுங்கள். அது தனி வழக்கு. ஜனவரிச் சம்பளம் அதற்கான பிணைத்தொகை அல்ல. அதே ஆணையில் உங்களை ஒரே நாளில் அனுப்பவும் வழி வைத்திருப்பார்கள், எடுத்துப் பாருங்கள்.

"சிறிய பள்ளிகள் என்ன செய்யும், அரசே பணம் தரவில்லை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடங்களில் பிள்ளைகளைச் சேர்த்த பள்ளிகளுக்கு அரசு தர வேண்டிய கட்டணம் மாதக்கணக்கில் தேங்கியது. ஒன்றிய அரசும் மாநில அரசும் ஒன்றையொன்று கைகாட்டின. தாளாளர்கள் செய்தியாளர்களைக் கூட்டி, "பாடம் நடத்தி முடித்துவிட்டோம், அதற்கான பணத்தைக் கேட்கிறோம்" என்றார்கள். அந்தக் கோரிக்கையில் எனக்கு முழு உடன்பாடு. அந்தத் தங்கை கேட்பதும் வார்த்தை மாறாமல் அதே கோரிக்கைதான். செய்த வேலைக்குப் பணம் வராத வலி தெரிந்தவர்கள் அதே வலியை இன்னொருத்திக்கு எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விதான் என்னை உறங்கவிடவில்லை, ஏனென்றால் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்களைப் பணியவைத்தார்கள். காய்ச்சலில் விடுப்புக் கேட்டால் பிள்ளைகளின் கதி. சம்பளம் உயர்த்தக் கேட்டால் ஆசிரியப்பணி அறப்பணி. மே மாதச் சம்பளம் கேட்டால் விடுமுறையில் என்ன வேலை செய்தீர்கள் என்பார்கள். பிள்ளைகள் மேல் அத்தனை அக்கறை இருந்தால், இன்னொரு பள்ளி ஆறாயிரம் கூடுதலாகக் கொடுத்து அவளைக் கூப்பிடும் நிலையை ஏன் உண்டாக்கினீர்கள்? அவள் போனது தவறு என்றே வைத்துக்கொள்வோம். நானாக இருந்தால் மார்ச் வரை இருந்திருப்பேன், இருந்தேன். இருந்தும் என்ன கிடைத்தது எனக்கு? கடைசி வரை இருந்தவளையும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், பாதியில் போனவளையும் உட்கார வைக்கிறார்கள். அப்படியென்றால் அவர்களுக்குப் பிள்ளைகள் ஒரு காரணமே இல்லை. விட்டுப் போகத் துணிந்தாளே, அதற்குத்தான் தண்டனை.

அந்தப் பின்னூட்டம் எழுதிய ஆசிரியரே, உங்களோடு எனக்குப் பகையில்லை. நீங்களும் ஒருநாள் அந்தக் கடிதத்தை எழுதுவீர்கள். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகும், அல்லது வேறு ஊருக்கு மாற்றலாகும். அன்றைக்கு உங்கள் ஜனவரியும் அந்தப் பீரோவுக்குள் போகும்.

என் சான்றிதழ் ஏழு மாதம் கழித்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசியதால் கிடைத்தது. குண்டூசி துருப்பிடித்து அதன் தடம் என் பெயருக்கு மேலேயே பழுப்பாகப் பதிந்திருந்தது. இப்போதும் இருக்கிறது. 11,500 ரூபாய் வரவேயில்லை. அப்பா அந்தத் தீபாவளிக்கு முன்பே போய்விட்டார்.

அந்தத் தங்கையோடு நேற்றிரவு பேசினேன். நியமன ஆணை, டிசம்பர் வரை சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குப் பதிவு, பணிவிலகல் கடிதத்தைத் தபாலில் அனுப்பியதற்கான ஒப்புகை, மூன்றும் அவளிடம் இருக்கின்றன. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போகிறாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது அக்கா என்றாள். நானும் போகிறேன்.