இறைத்த நீர் எந்தத் தோட்டத்துக்குப் போனது?

யாழ்ப்பாணத்தில் நண்பர் ஒருவர் சிறிய கணினி நிறுவனம் நடத்துகிறார். கடைகள் சிலவற்றின் இணையத்தளங்களும் கணக்குகளும் அவருடைய சேர்வர்களில் இருக்கின்றன. இணையத்தில் ஓர் இயந்திரத்தை மற்றவை கண்டுபிடிக்க உதவும் எண்தான் ஐபி முகவரி. அவருக்காக அதைக் கேட்டு, அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக் அமைப்புக்கு விண்ணப்பம் எழுதினேன். 256 தாராளமாகப் போதும். அவரோ 512 போடச் சொன்னார். "வாடிக்கையாளர் தொகையைச் சற்றுக் கூட்டி எழுதுங்கள் தம்பி. பிரிஸ்பேனிலிருந்து யார் வந்து எண்ணப் போகிறார்கள்?"

அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை.

பழைய முறையில், அதாவது ஐபிவி4இல், உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தாம். 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. இலங்கை உட்பட ஆசிய பசிபிக் நாடுகளுக்குப் பங்கிடும் ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசிப் பெருந்தொகுதியைத் தொட்டது. அதன்பின் ஓர் உறுப்பினருக்கு அதிகபட்சம் 1024 என்றார்கள். 2019இல் அது 512 ஆகக் குறைந்தது. மிகப் பெருந்தொகை முகவரிகள் கொண்ட புதிய முறையான ஐபிவி6 வந்துவிட்டதே என்பீர்கள். வந்திருக்கிறதுதான், ஆனால் பழைய முறையில் மட்டும் இயங்கும் தளங்கள் இருக்கும்வரை பழைய முகவரியும் வேண்டும்.

இந்தத் தட்டுப்பாடு நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. உங்கள் ரூட்டருக்குக் கிடைத்த முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் ஒன்றில் தொடங்கினால், நீங்கள் ஒரே பொது முகவரியைப் பலரோடு பகிர்கிறீர்கள். அவர்களில் ஒருவர் செய்த தவறுக்கு ஒரு தளம் அந்த முகவரியைத் தடுத்தால் எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். டொரொண்டோவில் இருக்கும் மகள் இங்குள்ள வீட்டுக் கமெராவை நேரடியாகத் திறக்க முடியாமல் தவிப்பதற்கும் பல இடங்களில் இதுவே காரணம்.

ஆகவே கேட்பவர் உண்மை சொல்கிறாரா என்று பார்த்தே ஆகவேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதில்தான் எனக்குக் கடுமையான கருத்து இருக்கிறது.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் மைக்ஃபோ என்ற நிறுவனத்தின் தலைவர் அமீர் கோலெஸ்தான், இல்லாத நிறுவனங்களையும் இல்லாத அதிகாரிகளையும் உருவாக்கி ஏறத்தாழ 7.5 இலட்சம் முகவரிகளைப் பெற்றார். நொத்தாரிசு முத்திரையோடு சத்தியக் கடதாசிகளும் கொடுக்கப்பட்டன. 2021இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2023இல் ஐந்து ஆண்டுச் சிறை. காகிதத்தை மட்டும் பார்ப்பவரிடம் பொய்யன்தான் முதலில் தேறுகிறான், அவனுடைய காகிதத்தில் குறையே இருக்காது. பழைய பற்றுச்சீட்டைத் தேடி அலைபவன் உண்மைக்காரன்.

உரும்பிராயில் எங்கள் தோட்டக் கிணறு ஐந்து பேரின் பங்கு. காணி உறுதியிலேயே அது எழுதியிருக்கிறது. ஓர் ஆண்டு பங்காளி ஒருவர் வெங்காயம் நட்டதாகச் சொல்லி இறைப்பு முறை வாங்கினார். பெரியப்பா அவரிடம் எந்தக் கடிதமும் கேட்கவில்லை. அடுத்த முறைக்கு முன் வரம்பில் நடந்துபோய்ப் பார்த்தார். தரை தரிசாகக் கிடந்தது. நீர் வாய்க்கால் வழியே அயல் தோட்டத்துக்குக் காசுக்குப் போயிருந்தது.

முகவரிக்கும் அப்படி நடந்துபோய்ப் பார்க்கும் வரம்பு உண்டு. எந்த முகவரித் தொகுதியைத் தன்வழியே அடையலாம் என்று எந்த வலையமைப்பு இணையத்தில் அறிவிக்கிறது என்பதை உலகில் எவரும் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துக்கென்று வாங்கியது சில மாதத்தில் வேறொரு கண்டத்தில் தலைகாட்டினால், அது மட்டுமே குற்றமாகாது. ஆனால் ஏன் என்று கேட்க அது போதும். கொடுக்கும் நாளில் பத்துக் கேள்வி கேட்டுவிட்டுப் பிறகு திரும்பியே பாராதிருப்பதை நான் ஏற்கமாட்டேன். கடைசித் தொகுதியிலிருந்து பெற்றதை ஐந்து ஆண்டுக்குக் கைமாற்றக் கூடாது என்று ஏப்னிக் விதித்தது எனக்கு மிகவும் பிடித்தது அதனால்தான். விற்பதற்காக வாங்குபவன் ஐந்து ஆண்டு காத்திருப்பானா?

கேள்வி கேட்டால் அவமானம் என்று நினைக்கும் நம்மவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. விதானையார் வீட்டுக்கு வந்து ஆட்களை எண்ணினால் நாம் கதிரை போட்டு இருத்துகிறோம். இதற்கு மட்டும் ஏன் முகம் சுருங்க வேண்டும்? நாம் கூட்டி எழுதும் 256, நாளை கிளிநொச்சியில் தொழில் தொடங்கப்போகும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்காமல் போகும் 256.

விண்ணப்பத்தை 256 என்றே அனுப்பினோம். சேர்வர்களின் பற்றுச்சீட்டுகளையும் வலையமைப்பு வரைபடத்தையும் சேர்த்தோம். நண்பருக்கு இன்னும் என்மேல் கோபம். ஒரு கொப்பி வாங்கி, எந்த முகவரி எந்த இயந்திரத்துக்குப் போகும் என்று வரிசையாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். நேற்று இரவு 41 வரை வந்தேன்.