பெட்டி சைக்கிளும் புதன்கிழமை மதியமும்

நெதர்லாந்தில் முன்னால் பெட்டி வைத்த சைக்கிளில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டிப் போகும் அம்மாக்களின் ரீல்ஸை ஊரிலிருந்து யாராவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், கூடவே "சொர்க்கம்ங்க அங்கே" என்று ஒரு வரி. உட்ரெக்டில் அதைத் தினமும் ஓட்டுகிறவள் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்குப் பெரும்பாலும் வீடு, ஆபீஸ், திரும்ப வீடு. நமக்கு அப்படியா? டே கேர், பள்ளி, வேலை, வரும் வழியில் மருந்துக்கடை, காய்கறி, நீச்சல் வகுப்பு. ஸ்பெயினைச் சேர்ந்த நகரத் திட்டமிடல் பேராசிரியர் இனெஸ் சான்செஸ் தே மதரியாகா இவற்றைப் 'பராமரிப்புப் பயணம்' என்று தனியாக எண்ணச் சொன்னார். வழக்கமான சர்வேக்களில் இவை ஷாப்பிங், சொந்த வேலை, பொழுதுபோக்கு என்று சிதறிப்போய் மொத்தம் எவ்வளவு என்றே தெரியாமல் போகிறது. நாலு இடத்தில் நின்று நின்று போகிற இந்த மாதிரி அலைச்சலுக்கு பஸ் ஒத்துவராது, காருக்கு நிறுத்த இடம் கிடைக்காது. பெட்டி சைக்கிள் கடை வாசலிலேயே நிற்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் பெல்ட், அவர்கள் காலடியில் பாலும் உருளைக்கிழங்கும், மழை வந்தால் மேலே ஒரு கூடாரம். கண்ணெதிரே இருப்பதால் சண்டையை ஓட்டிக்கொண்டே தீர்த்து வைக்கலாம்! ஸ்டேஷனுக்கு அடியில் 12,500 சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் இதற்கும் தனி இடம் உண்டு, முதல் 24 மணி நேரம் இலவசம். வண்டியைவிட இந்த ஏற்பாடும், காரிலிருந்து பிரித்துப் போட்ட சைக்கிள் பாதையும்தான் முக்கியம். இதே வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அண்ணா சாலையில் போக எனக்குத் தைரியம் வராது.

சரி, ரீல்ஸில் வராதது என்ன? இங்கே வேலைக்குப் போகும் பெண்களில் பெரும்பாலோர் பகுதி நேரம்தான். பல ஆரம்பப் பள்ளிகள் புதன்கிழமை மதியத்தோடு முடிந்துவிடும். அன்று பள்ளி வாசலில் நிற்கும் பெட்டி சைக்கிள் வரிசையைப் பாருங்கள், அப்பாக்களும் வருகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் கூட்டம் யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். சுமப்பது சுலபமாகிவிட்டதால் "உனக்குத்தான் வண்டி இருக்கே" என்று மிச்சமிருந்த வேலையும் நம் பக்கம் நகர்ந்துவிடுகிறது. எங்கள் வண்டியின் சீட்டை ஒரு பிடியைத் தளர்த்தி ஏற்றி இறக்கலாம். இரண்டு பேரும் ஓட்டுவோம் என்று பேசித்தான் அந்த மாடலை வாங்கினோம். வாங்கியதிலிருந்து சீட் என் உயரத்திலேயே இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பஸ்ஸுக்கும் வீட்டு ஆணுக்கும் காத்திருக்காமல் கிளம்பினார்கள், அது பெரிய விஷயம், அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் தண்ணீர்க் குடமும் பிள்ளையும் அதே சைக்கிளில் கூடவே ஏறிக்கொண்டன.

அப்புறம் காசு. மோட்டார் வைத்த புது வண்டி சுலபமாக 5,000 யூரோவைத் தாண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவள் அதை எங்கே நிறுத்துவாள்? விலை கட்டுப்படியாகிறதே என்று பலர் வாங்கிய பாபூ (Babboe) கம்பெனி வண்டிகளை, ஃபிரேம் உடைகிறது என்ற புகார்களுக்குப் பிறகு 2024-இல் இங்குள்ள அரசு கண்காணிப்பு அமைப்பு விற்கவே கூடாது என்று நிறுத்தியது.

எங்கள் வீட்டில் இனி புதன்கிழமை அவருடையது என்று பேசி முடித்தாயிற்று. லோடோடு வளைவில் திரும்பினால் வண்டி ஆடுகிறது என்கிறார். ஆடத்தான் செய்யும், ஓட்டிப் பழகட்டும்.